தக்கவைக்கும் அவசியம் எழவில்லை என்று எழுதிய வரியைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
பூ. கோமதியம்மாள், வயது 38,
காலஞ்சென்ற நாற்றங்கால் காவலர் ச. பூவனலிங்கத்தின் மனைவி,
அரசு நாற்றங்கால் குடியிருப்பு,
முத்துக்கரிசல்குளம்,
கோவில்பட்டி தாலுகா.

பெறுநர்:
மாவட்ட அலுவலர் அவர்கள்,
வறள்நில மரவளர்ப்பு அலுவலகம்,
திருநெல்வேலி.

பொருள்: என் கணவரின் பூர்வீகம் பற்றித் தங்கள் அலுவலகப் பதிவில் உள்ள பிழையைத் திருத்தவும், அந்தப் பிழையின் பேரில் மறுக்கப்பட்ட வறட்சி வட்டாரத் தங்குபடியை வழங்கவும் வேண்டுதல்.

பார்வை: (1) தங்குபடி மறுத்து என் கணவருக்கு வந்த கடிதம், நாள் 14.9.1982. (2) அவருக்கு வந்த மாறுதல் உத்தரவு, நாள் 2.5.1983. (3) அதற்கு அவர் எழுதிய பதிலின் கைநகல், நாள் 9.5.1983. (4) என் முதல் மனுவுக்கு வந்த பதில், நாள் 28.6.1985.

மதிப்பிற்குரிய அலுவலர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மனுவில் எதை முதலில் எழுதுவது, எதைக் கடைசியில் எழுதுவது என்பதை எங்கள் ஊர்த் தபால் ஆபீஸ் பார்க்கும் செல்லத்துரை அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார். எழுத்தும் விஷயமும் என்னுடையவை. பிழை இருந்தால் என் பிழையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

1. என் கணவர் 1977 ஆவணி மாதத்தில் இருந்து இந்த நாற்றங்காலில் காவலராக வேலை பார்த்தார். இந்த வருடம் மே மாதம் 3ஆம் தேதி மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். அதில் யார் மேலும் எனக்குக் குறை இல்லை.

2. பேருக்குத்தான் காவலர். பையில் மண் நிரப்புவது, விதை ஊன்றுவது, தண்ணீர் விடுவது, ஆடு விரட்டுவது எல்லாம் அவர்தான். இங்குள்ள கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பது தங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். அதை அப்படியே விட்டால் முளை கருகிவிடும். அதனால் அவர் மழைத் தண்ணீர் தேங்க ஒரு பள்ளம் வெட்டி, மேலே பனையோலை போட்டு மூடி வைத்திருந்தார். முளை விட்ட புதிதில் பள்ளத்துத் தண்ணீர் மட்டும். அப்புறம் நாலு பூவாளி நல்ல தண்ணீருக்கு ஒரு பூவாளி உப்புத் தண்ணீர். அப்புறம் மூன்றுக்கு ஒன்று. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நாற்றை இந்த ஊர்த் தண்ணீருக்குப் பழக்குவார். எந்தப் பாத்தி எந்தக் கணக்கில் நிற்கிறது என்பது எழுத்தில் கிடையாது. அவர் தலையில் இருந்தது. கூடவே நின்று ஊற்றியதால் என் தலையிலும் இருக்கிறது.

3. இந்த ஊரில் சர்க்கார் ஆள் யாரும் தங்குவதில்லை. கோடையில் கால் நுழையும் அளவுக்குக் கரிசல் வெடிக்கும். மழை பெய்தால் அதே மண் செருப்போடு பிடித்து இழுக்கும். பஸ்ஸுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். வருகிற ஆபீசர்மார் சாமான் கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே மாறுதலுக்கு எழுதிப் போடுவார்கள். அதனால்தான் 1981இல் தங்கள் அலுவலகம் தங்குபடி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெளியூரில் இருந்து வந்து இந்த வட்டாரத்தில் குடியிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை, விடாமல் ஐந்து வருடம் இருந்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை என்று அந்த உத்தரவில் இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு இல்லை. உள்ளூர்க்காரர் எப்படியும் இருப்பார் என்று வைத்த சட்டம். அது நியாயம்தான்.

4. அதற்கு ஒரு பாரம் வந்தது. அதில் தற்போதைய முகவரி என்று ஒரு கட்டம், பூர்வீகம் என்று ஒரு கட்டம். என் கணவர் இரண்டிலும் முத்துக்கரிசல்குளம் என்றே எழுதிக் கொடுத்துவிட்டார். பிழை இங்கேதான் நடந்தது. அவர் பொய் எழுதவில்லை. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

5. அவர் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, என்னைக் கட்டியது எல்லாம் ஸ்ரீவைகுண்டம் தாலுகா தென்கால்குறிச்சியில். அவர் அப்பாவும் தாத்தாவும் அங்கேயே பிறந்து அங்கேயே செத்தவர்கள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடும் ஊர். ஆனால் எங்கள் ஆட்களிடம் பூர்வீகம் எது என்று கேட்டால் பிறந்த ஊரைச் சொல்ல மாட்டார்கள். குடும்பத்துச் சாமியான சாஸ்தா எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரைச் சொல்வார்கள். பங்குனி உத்திரத்துக்கு எங்கே போவீர்கள் என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். என்னைப் பெண் கேட்டு வந்த அன்று என் அப்பா அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு முதலில் கேட்டது அதைத்தான். ஒரே சாஸ்தாவாக இருந்தால் பங்காளி முறை வந்துவிடும், பெண் கொடுக்க முடியாது. என் மாமனார், முத்துக்கரிசல்குளம் பனையடி சாஸ்தா என்றார். அவர் ஆயுசுக்கும் இந்த ஊரில் குடியிருந்தது கிடையாது. வருடத்துக்கு ஒரு நாள் வண்டி கட்டி வருவார், பொங்கல் வைப்பார், கோயில் வரி கொடுப்பார், போய்விடுவார். எத்தனை தலைமுறைக்கு முன்னால் இங்கிருந்து போனார்கள் என்பது அவருக்கே தெரியாது.

6. இந்த நாற்றங்காலுக்கு ஆள் எடுத்தபோது ஆற்றுப் பக்கத்து ஆள் ஒருவரும் வரச் சம்மதிக்கவில்லை. என் கணவர் சம்மதித்தார். நான் வேண்டாம் என்றேன். "அங்கன நம்ம சாமி இருக்குல்லா, நம்மள என்ன தண்ணியில்லாமலா விட்டுரும்" என்றார். வந்த மறுநாள் உப்புத் தண்ணீரில் வடித்த சோற்றைத் தின்றுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போனார். சாமி இருந்ததால்தான் வந்தார் என்பது உண்மை. அப்போது தங்குபடி என்ற பேச்சே கிடையாது.

7. பாரம் கொடுத்த பிறகு தங்கள் அலுவலகத்தில் இருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். சாஸ்தா கோயில் வரி நோட்டைப் பார்த்தார். அதில் என் கணவர் பெயர், மாமனார் பெயர், அவர் அப்பா பெயர் எல்லாம் இருந்தன. அதை எழுதிக்கொண்டு போனார். 14.9.1982 தேதியிட்ட கடிதத்தில், விசாரணையில் தாங்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வூரைச் சேர்ந்தவர் என்று தெரியவருவதால் தங்குபடி பெறத் தகுதியில்லை என்று வந்துவிட்டது. விசாரிக்க வந்தவர் தப்பாகப் பார்க்கவில்லை. நோட்டில் இருந்ததைத்தான் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் நாற்றங்காலுக்கு வந்தபோது நான் பூவாளியோடு பக்கத்தில்தான் நின்றேன்.

8. அந்தக் கடிதத்தை அவர் எனக்குக் காட்டவில்லை. அது அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில் என் கலியாணச் சேலைக்குக் கீழே இருந்தது. மேலே சொன்ன மற்ற இரண்டு காகிதங்களும் அதோடு இருந்தன.

9. இதனால் எனக்கு என்ன என்று தாங்கள் கேட்கலாம். எங்களுக்கு ஒரே மகள், ஆவுடைத்தாய். இந்த ஊரில் ஐந்தாவதுக்கு மேல் இல்லை. பஸ்ஸுக்கு மூன்று மைல் தனியாக நடத்திப் பெண்பிள்ளையை அனுப்ப மனம் வரவில்லை. 1981இல் பத்து வயதில் அவளை ஸ்ரீவைகுண்டத்தில் என் தம்பி வீட்டில் விட்டோம். வாரத்தில் ஒரு நாள் நான் அழுவேன். போய்விடுவோம் என்பேன். அவர் சொல்வார், "ஏட்டி, தங்குபடி சேர்ந்துக்கிட்டு இருக்கு. மாசாமாசம் வாங்குனா கரைஞ்சு போவும்னு மொத்தமாத் தரச் சொல்லியிருக்கேன். அஞ்சு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரி. எண்பத்தாறுல வாங்குதோம், ஆத்தங்கரையில ரெண்டு மரக்கா விதைப்பாடு வயல எடுக்கோம், பிள்ளையோட இருக்கோம்." நான் நம்பினேன். நான்கு வருடம் நம்பினேன். என்னோடு தண்ணீர் எடுக்க வரும் வெயிலம்மாள் தன் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுகிறவள். அவள் சொல்வாள், "எக்கா, நான் ஒட்டுத பெட்டிக்காவது சனிக்கிழம துட்டு வருது. நீ இருக்கதுக்குத் துட்டுங்காவளே, அத யாராவது கண்ணால கண்டிருக்காவளா?" நான் அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவள் சொன்னதுதான் சரி.

10. இதில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத முடியாது. அவர் இருந்தால் கேட்டிருப்பேன். தங்குபடி அவரை இங்கே பிடித்து வைக்கவில்லை. வராத படியைச் சொல்லி என்னைத்தான் பிடித்து வைத்தார்.

11. தங்குபடி வாங்கினவர்கள் மேல் நான் குறை சொல்ல வரவில்லை. நந்தகோபால் என்ற ஆபீசர் 1981இல் வந்தார். வேலூர்ப் பக்கம். இந்தக் குடியிருப்பின் முன்பாதியில் அவரும் பின்பாதியில் நாங்களும் இருந்தோம். நல்ல மனிதர். அவர் வீட்டுக்கார அம்மாள் ஒரே ஒரு தடவை வந்தார். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சாயங்காலம் பஸ்ஸுக்கே போய்விட்டார். மாதப் படி வாங்கினால் குறைந்தது இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பது கணக்கு, அந்த இரண்டு வருடம் அந்த ஆபீசர் இருந்தார். அது முடிந்த வாரம் மாறிப் போனார். போகும்போது என் கணவரிடம், "உன்னைப் புடிச்சு வைக்கக் கவர்மெண்ட் எதுக்குய்யா? உன் சாமியே புடிச்சு வச்சிருக்குதே" என்று சொல்லிச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். எனக்கு அப்போது அதன் பொருள் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆபீசருக்குப் பிறகு மூன்று பேர் வந்தார்கள். ஒருவரும் ஆறு மாதம் தாண்டவில்லை. தை மாதத்தில் இருந்து அந்த நாற்காலி காலி.

12. 2.5.1983 தேதியிட்ட மாறுதல் உத்தரவைத் தாங்கள் தயவுசெய்து எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் என் கணவரை ஸ்ரீவைகுண்டம் நாற்றங்காலுக்கு மாற்றியிருக்கிறது. "ஊழியரின் சொந்தத் தாலுகா என்பதைக் கருத்தில் கொண்டு" என்று தங்கள் அலுவலகமே எழுதி முத்திரை வைத்திருக்கிறது. அவருடைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். 1982இல் எழுதிய கடிதத்தில் அவர் இந்த ஊர்க்காரர். எட்டு மாதம் கழித்து எழுதிய உத்தரவில் அவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். இரண்டிலும் ஒரே கையெழுத்து இருக்கிறது. எது சரி என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் இரண்டும் சரியாக இருக்க முடியாது என்பது தெரிகிறது.

13. அந்த மாறுதலை அவர் வேண்டாம் என்று எழுதிவிட்டார். கைநகலில் உள்ளதை அப்படியே கீழே எழுதுகிறேன். "இந்த வருடத்து விதை ஊன்றியாகிவிட்டது. புதிதாக வருகிறவருக்கு எந்தப் பாத்திக்கு எந்தத் தண்ணீர் என்று தெரியாது. ஐப்பசி மழைக்கு நாற்று வெளியே போகும்வரை என்னை இங்கேயே விட்டுவைக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஐப்பசிக்கு அப்புறம் யாரும் திரும்ப மாறுதல் போடவில்லை. அவரும் கேட்கவில்லை. என் மகள் இருந்த ஊருக்கு மாறுதல் வந்தது. வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். அதை வேண்டாம் என்று எழுதிய அன்று சாயங்காலம் அவர் வழக்கம் போலத்தான் வந்தார். நான் புளித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன், குடித்தார். அந்த நாள் எனக்கு வேறு எந்த விதத்திலும் ஞாபகம் இல்லை.

14. பெட்டியில் காகிதங்களைப் பார்த்த பிறகு செல்லத்துரை அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். எல்லாத் தபாலும் அவர் கை வழியாகத்தான் வரும். அவர் முத்திரைக் கட்டையைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார். 1982இல் கடிதம் வந்தவுடனே அவர் என் கணவரிடம், "எய்யா பூவனலிங்கம், இது ஒரு வரியில முடியுத காரியம். என் ஊரு இது இல்ல, தென்கால்குறிச்சின்னு எழுதிப் போடும்" என்று சொல்லியிருக்கிறார். கார்டும் எடுத்து நீட்டியிருக்கிறார். என் கணவர் அதை வாங்கவில்லை. "சாமி ஊர என் ஊரு இல்லன்னு எப்படி அண்ணாச்சி கைப்பட எழுதுவேன்? எழுதிட்டு உத்திரத்துக்கு அங்கனயே போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பொங்க வைப்பேன்?" என்று கேட்டிருக்கிறார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி சொல்லவில்லை. அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

15. ஆகவே அவர் திருத்தி எழுதாமல் விட்டது ஒப்புக்கொண்டதாக ஆகாது. எழுதக் கூசி விட்டது. எங்கள் ஆட்களில் யாராக இருந்தாலும் கூசத்தான் செய்வார்கள். நானும் கூசினேன். இந்த மனுவை எழுதும் முன் போன சனிக்கிழமை சாஸ்தா கோயிலுக்கு நடந்து போனேன். ஆபீஸ் கேட்கும் பூர்வீகம் ஒன்று, நாங்கள் சொல்லும் பூர்வீகம் ஒன்று, ஆபீஸுக்கு ஆபீஸ் கேட்கும்படி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

16. என் முதல் மனுவை நான் சரியாக எழுதவில்லை. தங்குபடி வர வேண்டும் என்று மட்டும் ஒரு கார்டில் எழுதினேன். அதற்குத் தங்கள் அலுவலகம் 28.6.1985இல் பதில் அனுப்பியது. பதில் அனுப்பியதற்கு நன்றி. அது வந்தபோது என் மகள் இங்கே இருந்தாள். கருமாதி முடிந்து அவளைத் திரும்பக் கொண்டுவிட எனக்குத் தெம்பு இல்லாததால், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் இருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். என்னைவிட நன்றாகப் படிப்பாள் என்று அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அது என் இரண்டாவது பிழை.

17. அதில் இப்படி எழுதியிருந்தது. "மனுதாரரின் கணவர் இவ்வட்டாரத்தையே பூர்வீகமாகக் கொண்டவர். ஆகவே அவரை இவ்விடத்தில் தக்கவைக்கும் அவசியம் எழவில்லை. குடியிருப்பை 31.7.1985க்குள் காலி செய்ய வேண்டியது."

18. அவள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, தக்கவைக்கும் என்ற இடத்துக்குத் திரும்பப் போய் இன்னொரு தடவை மனசுக்குள் வாசித்தாள். பிறகு என்னைக் கேட்டாள். "எம்மா, அப்பா இந்த ஊருன்னா நான் எந்த ஊரு? என்னய மட்டும் எதுக்கு மாமா வீட்டுல வச்சியோ? துட்டு வரும்னுதான நீங்க ரெண்டு பேரும் சொன்னியோ?" மூன்று காகிதத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் வாசித்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை என் தம்பி வந்து கூட்டிப் போனான். பஸ் வரை நானும் கூட நடந்தேன், அப்போது அவள் கேட்டது ஒன்றுதான். "அப்பா வரணும்னு நெனச்சிருந்தா வந்திருக்கலாம், அப்படித்தானம்மா?" ஆமாம் என்று சொன்னேன்.

19. என் கணவர் எதற்காக இருந்தார் என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. சாமிக்காக என்று ஆபீசர் சொன்னார். நாற்றுக்காக என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறார். ஆனால் அவர் போயிருக்கலாம், போகவில்லை. இது மட்டும் தங்கள் முத்திரையோடு எழுத்தில் இருக்கிறது. தங்குபடி உத்தரவு இப்படிப்பட்ட ஆளுக்கு என்றுதானே போட்டார்கள். எட்டு வருடத்தில் இந்த நாற்றங்காலில் அப்படி இருந்தவர் அவர் ஒருவர். அவரைப் பார்த்து, தக்கவைக்கும் அவசியம் எழவில்லை என்று எழுதியிருப்பது அவர் இருந்ததையே இல்லை என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. பிறந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர் போல ஆக்கிவிட்டது. என் மகள் அப்படித்தான் படித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

20. அவருடைய எலும்பை ஆற்றில் கரைக்கத் தென்கால்குறிச்சிக்குத்தான் கொண்டுபோனோம். இங்கே ஓடையில் தண்ணீர் இல்லை. இருந்திருந்தாலும் அங்கேதான் கொண்டுபோயிருப்போம். அவருடைய ஊர் எது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். தேவையானால் கையெழுத்துப் போடுவார்கள்.

21. கரைத்த மறுநாள் காலையில் நான் தனியாகத் திரும்பி வந்துவிட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். மகளைப் பின்னால் கூட்டிவரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆபீசர் இல்லை, காவலர் இல்லை, பங்குனியில் ஊன்றிய விதை ஒரு சாண் வளர்ந்து நின்றது. அன்றிலிருந்து இன்றுவரை நான்தான் தண்ணீர் விடுகிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, இதற்குக் கூலி கேட்டும் எழுதவில்லை. தங்கள் பதிவேட்டில் இந்த நாட்களுக்கு ஆள் இல்லை என்று இருக்கும். நாற்று நிற்கிறது. வேம்பு, புளி, வாகை மூன்றும் நிற்கின்றன. கிழக்குப் பாத்தியில் மட்டும் கொஞ்சம் வெயிலுக்குப் போய்விட்டது. அது என் கவனக்குறைவு. கருமாதி வாரத்தில் நடந்தது.

மேற்கண்ட காரணங்களால் தாங்கள் கருணை கூர்ந்து செய்ய வேண்டியதாக நான் கேட்பது:

அ) என் கணவரின் பணிப் பதிவேட்டில் பூர்வீகம் முத்துக்கரிசல்குளம் என்று இருப்பதை அடித்து, தென்கால்குறிச்சி, ஸ்ரீவைகுண்டம் தாலுகா என்று எழுத வேண்டும்.

ஆ) தக்கவைக்கும் அவசியம் எழவில்லை என்ற வரியைத் திரும்பப் பெற்று, அவர் வெளியூரில் இருந்து வந்து, சொந்தத் தாலுகாவுக்கு மாறுதல் கிடைத்தும் போகாமல் இங்கேயே இருந்தவர் என்று எழுத வேண்டும். அதன் பிறகு உத்தரவுப்படி என்ன தங்குபடி வருமோ அதைத் தரலாம். சட்டத்தில் இடமில்லை என்றால் படி வராவிட்டாலும் அந்த வரி மாற வேண்டும்.

இ) அந்தப் பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். செல்வி பூ. ஆவுடைத்தாய், ஒன்பதாம் வகுப்பு, அரசு மேல்நிலைப் பள்ளி, ஸ்ரீவைகுண்டம் என்ற முகவரிக்கு அனுப்பினால் போதும். முன் கடிதத்தை வாசித்தவள் அவள். இதையும் அவளே வாசிக்கட்டும்.

ஈ) குடியிருப்பை 31ஆம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். செய்துவிடுவேன், என் மகளோடு போய் இருக்க வேண்டியவள் நான். ஆனால் இந்த வருடத்து விதை ஊன்றியாகிவிட்டது. புதிதாக வருகிறவருக்கு எந்தப் பாத்திக்கு எந்தத் தண்ணீர் என்று தெரியாது. ஐப்பசி மழைக்கு நாற்று வெளியே போகும்வரை என்னை இங்கேயே விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ள பத்தியை எழுதி முடித்த பிறகுதான் அது 13ஆம் பத்தியில் உள்ளது என்று பார்த்தேன். அவர் கடிதத்தைப் பார்த்து எழுதவில்லை. அண்ணாச்சி அடித்துவிட்டு வேறு விதமாக எழுதச் சொன்னார். அடிக்கவில்லை.

பாரத்தில் உள்ள இரண்டு கட்டத்தையும் இந்த முறை ஆபீஸ் கேட்கும்படி என் பேருக்குக் கீழே நானே எழுதியிருக்கிறேன். காகிதங்களின் நகல் மூன்று இணைத்திருக்கிறேன். அசல் என்னிடம் பெட்டியில் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் காட்டுவேன். காலையிலும் சாயங்காலமும் பாத்தியில் இருப்பேன், அங்கே வந்து கேட்கலாம்.

இடம்: முத்துக்கரிசல்குளம்
நாள்: 22.7.1985

தங்கள் பதிலை மகள் வழியாக எதிர்பார்க்கும்,
பூ. கோமதியம்மாள்

பூர்வீகம்: தென்கால்குறிச்சி, ஸ்ரீவைகுண்டம் தாலுகா.
தற்போதைய முகவரி: அரசு நாற்றங்கால், முத்துக்கரிசல்குளம், ஐப்பசி வரை.